பாதிரியாரை விட்டுவிட்டு உபதேசியாரைப் பாருங்கள்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு நாவல் என்று வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். கிறிஸ்தவர்களும் இருக்கிறோம், மற்றவர்களும் இருக்கிறோம். போன மாதம் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ எடுத்தோம். ‘மிஷனரிகளை வில்லனாகக் காட்டுகிற நாவல்’ என்று சிலர், ‘நடந்ததைத்தானே எழுதியிருக்கிறார்’ என்று சிலர். பேச்சு தடித்துப் பாதியில் எழுந்து போய்விட்டோம். ஆனாலும் ஆப்பிரிக்காவில் மிஷனரிகளைப் பற்றியும் அங்குள்ள நம்பிக்கைகளைப் பற்றியும் இன்னும் சில கதைகள் வாசிக்க ஆசை. எவற்றை எடுக்கலாம், எப்படிப் பேசலாம்? இவற்றை வரலாறாக நம்பலாமா?

பதில்: சண்டை போட்ட இரண்டு தரப்பும் ஒரே ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்: வெள்ளைக்காரப் பாதிரியாரை. அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆரம்பித்தால் பேச்சு எங்கேயும் போகாது. நான் கீழே சொல்லப்போகும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் பலருக்கு அவர் முக்கியப் பாத்திரமே இல்லை. கிறிஸ்தவக் கோயிலுக்கு முதலில் போன உள்ளூர்க்காரர் யார், ஏன் போனார், போனதால் அவர் வீட்டில் என்ன ஆயிற்று என்பதில்தான் அவர்கள் கண் இருக்கிறது. உங்கள் வட்டமும் அங்கே கண்ணை வைக்கட்டும்.

அச்செபே நாவலையே மறுபடி கையில் எடுங்கள். (என். கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’ என்று தமிழிலும் இருக்கிறது.) 25 அத்தியாயங்கள் கொண்ட நாவலில் மிஷனரிகள் வந்து பிரசங்கம் செய்வதே 16ஆம் அத்தியாயத்தில்தான். அதற்குள் நைஜீரியாவின் இக்போ மக்களுடைய ஊர் வாழ்க்கை முழுவதையும், அதன் அழகோடும் அதன் கொடுமையோடும், நாம் பார்த்துவிடுகிறோம். இரட்டைக் குழந்தை பிறந்தால் மண்பானையில் வைத்துக் காட்டில் போட்டுவிடுகிறார்கள். தெய்வவாக்கு கேட்டது என்பதற்காக இக்கெமெஃபுனா என்ற சிறுவனைக் கொல்லக் கூட்டிப்போகிறார்கள். ‘அப்பா’ என்று அவன் ஓடி வந்த கதாநாயகன் ஒகோன்குவோவே அவனை வெட்டுகிறான். ஒகோன்குவோவின் மகன் நுவோயேவுக்கு அந்த நாளிலிருந்து உள்ளுக்குள் ஏதோ முறிந்துபோயிருக்கிறது. பிறகு ஒருநாள், இருட்டிலும் பயத்திலும் உட்கார்ந்திருக்கும் சகோதரர்களைப் பற்றி மிஷனரிகள் பாடும் பாட்டு அவன் காதில் விழுகிறது. திரித்துவக் கொள்கை அவனுக்குப் புரியவில்லை. காட்டில் அழுத குழந்தைகளையும் இக்கெமெஃபுனாவையும் பற்றி அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு அந்தப் பாட்டு பதில் சொன்னதுபோல இருந்தது. அவன் போனது அதற்காகத்தான்.

அடுத்த அத்தியாயத்தில் நெக்கா என்ற பெண் வருகிறாள். நிறைமாதக் கர்ப்பிணி. இதற்கு முன்பு நான்கு பிரசவம், நான்கிலும் இரட்டை, அத்தனை குழந்தைகளும் காட்டுக்குப் போயின. அந்த ஊரிலிருந்து சபைக்குப் போன முதல் பெண் அவள்தான். அவளைப் பற்றி நாவலில் இருப்பது சில வரிகள் மட்டுமே. ஆனால் உங்கள் கூட்டத்தில் யாராவது அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, ‘இவள் ஏமாற்றப்பட்டவளா?’ என்று கேட்கட்டும். போன மாதப் பேச்சு வேறு மாதிரி போகும்.

அதற்கும் அடுத்த அத்தியாயம் தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்ட ஓசு என்ற தீண்டப்படாத பிரிவு இக்போ சமூகத்தில் உண்டு. அவர்கள் முடி வெட்டக் கூடாது, மற்றவர்கள் அவர்களோடு திருமண உறவு வைக்கக் கூடாது. இரண்டு ஓசுக்கள் கோயிலுக்குள் வந்ததும் எதிர்ப்புத் தெரிவிப்பவர்கள் யார்? புதிதாக மதம் மாறியவர்கள்தான். அவர்களுக்கு எதிராக உறுதியாக நின்று, வந்தவர்களைச் சேர்த்துக்கொள்பவர் கியாகா. அவர் வெள்ளைக்காரர் இல்லை, இக்போக்காரர். நம் ஊர்ச் சபைகளில் பாதிரியாருக்குக் கீழிருந்து போதிப்பவரை உபதேசியார் என்போமே, அந்த வேலையைச் செய்கிறவர். ஓசுவும் நம் சாதியும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது, அதன் பிறப்பும் சடங்கும் வேறு. ஆனால் சபைக்குள்ளும் தனி வரிசை கேட்ட கதைகளை அறிந்த நமக்கு அந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நாவல் மிஷனரிகளின் பக்கமா? அதுவும் இல்லை. பிரவுன் பாதிரியார் மென்மையானவர், ஊர்ப் பெரியவர் அகுன்னாவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுகிறவர். மரத்தைச் செதுக்கிவிட்டுச் சாமி என்கிறீர்களே என்று பிரவுன் கேட்கிறார். மரம்தான், அந்த மரத்தைப் படைத்தவர் முழுமுதல் கடவுளான சுக்வு. சிறு தெய்வங்கள் அவருடைய தூதர்கள். உங்கள் சபைக்கு இங்கே நீங்கள் தலைவராக இருப்பதுபோலத்தான் என்கிறார் அகுன்னா. இருவரும் மாறவில்லை. ஆனால் அகுன்னா தன் மகன் ஒருவனைப் பிரவுனின் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். பிரவுனுக்குப்பின் வந்த ஸ்மித் பாதிரியாரின் கடுமையை ஊர் எதிர்த்து நின்று, கோயிலையே எரிக்கிறது. பிரவுனின் பள்ளிக்கூடத்தை எதிர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பழைய உலகத்தை ஆழமாக அசைத்தது அந்த நல்ல மனிதரின் பள்ளிக்கூடம்தான் என்று நான் வாசிக்கிறேன். இதில் உங்கள் வட்டம் தாராளமாகக் கருத்து வேறுபடலாம். வேறுபடத் தக்க இடம் இது.

இதை எழுதியவர் யார் என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள். அச்செபேயின் தந்தை ஐசையா ஒகாஃபோ அச்செபே, சர்ச் மிஷனரி சங்கத்தின் உபதேசியார். திருநெல்வேலிப் பக்கத்தவர்கள் சி.எம்.எஸ். என்றால் தெரிந்துகொள்வார்கள், 1820 முதல் பாளையங்கோட்டையில் இயங்கிய அதே சங்கம். கென்யாவின் கூகி வா தியாங்கோவும் மிஷன் பள்ளியில் படித்தவர், ஜேம்ஸ் என்ற ஞானஸ்நானப் பெயரைப் பின்னால் விட்டவர். ஆக இந்த நாவல்கள் வெளியிலிருந்து எறிந்த கல் அல்ல. வீட்டுப் பிள்ளைகள் அப்பாவிடம் கேட்கும் கேள்விகள் இவை. கோபம் இருக்கும் இடத்தில் பாசமும் இருக்கிறது, அதைத் தவறவிட்டால் பாதிதான் வாசித்திருப்போம்.

இனி அடுத்த புத்தகங்கள். முதலில் சிமமாண்டா என்கோசி அடிச்சியின் ‘தி ஹெட்ஸ்ட்ராங் ஹிஸ்டாரியன்’ என்ற சிறுகதை. ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். கணவன் இறந்ததும் அவன் பங்காளிகள் சொத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரர் நீதிமன்றத்தில் ஜெயிக்க ஆங்கிலம் வேண்டும் என்று அறிந்த நுவாம்க்பா என்ற விதவை, மகனை மிஷன் பள்ளியில் சேர்க்கக் கிளம்புகிறாள். ஆங்கிலிக்கன் பள்ளியில் இக்போ மொழியில் கற்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிறாள், ஏனென்றால் அங்கே ஆங்கிலம். கடவுள் அவள் கணக்கிலேயே இல்லை. நிலத்தை மீட்டுவிடுகிறாள்; மகன் மைக்கேல் ஆகித் தாயை அஞ்ஞானி என்று விலக்குகிறான். விலையும் லாபமும் ஒரே குடும்பத்துக்குள் எப்படிக் கைமாறின என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக, மிஷனரியே இல்லாத ஒரு நாவலை வாசிக்கச் சொல்வேன்: எலெச்சி அமாடியின் ‘தி கன்குபைன்’, 1966இல் வந்தது. வெள்ளைக்காரர் ஒருவர்கூட வருவதில்லை. கடலரசனுக்கு உரியவள் என்று நம்பப்படும் இஹுவோமாவைச் சுற்றிய கதை. வைத்தியர் சொல்லும் வாக்கும் பலியும் தெய்வக்கோபமும் இங்கே விளக்கம் தேவைப்படாத அன்றாட உண்மைகள். ஆப்பிரிக்க மதத்தை ‘பழக்கவழக்கம்’ என்று ஒதுக்கிவிட்டுக் கிறிஸ்தவத்தை மட்டும் ‘நம்பிக்கை’ என்று பேசும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. அது போக இந்த நாவல் உதவும்.

மூன்றாவது, அச்செபேயின் ‘ஆரோ ஆஃப் காட்’ (1964). கொஞ்சம் கடினமான நாவல், ஆனால் என் கணிப்பில் இந்த விஷயத்தில் எழுதப்பட்டவற்றில் மிகப் பெரியது இதுதான். உலு தெய்வத்தின் தலைமைப் பூசாரி எசெயுலு. புதிய மதத்தில் என்ன நடக்கிறது என்று தன் கண்ணாக இருந்து பார்க்க மகன் ஒடூச்சேயை அவரே அனுப்புகிறார். பையனோ பக்தி முற்றி, ஊர் புனிதமாக மதிக்கும் மலைப்பாம்பைக் கொல்லத் துணிகிறான், கை வரவில்லை, பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறான், தானாகச் செத்தால் பழி வராது என்று. பெட்டி தானாக அசைவதை வீட்டார் பார்க்கும் அந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். ஒரு பையனின் மனதுக்குள் இரண்டு தெய்வப் பயங்களும் ஒரே நேரத்தில் வேலை செய்வது அங்கே தெரிகிறது. முடிவில், பூசாரி புதுக் கிழங்குத் திருவிழாவுக்கு நாள் குறிக்க மறுக்க, கிழங்கு மண்ணிலேயே கெடுகிறது. அப்போது உபதேசியார் குட்கண்ட்ரி, கிழங்கைக் கோயிலுக்குக் காணிக்கை கொண்டு வந்தால் உலுவின் கோபம் உங்களைத் தொடாது என்று அறிவிக்கிறார். பசித்த சனங்கள் அறுப்புப் பண்டிகைக்கு வருகிறார்கள். பூசாரியின் பிடிவாதம், அவரைப் பிடித்து அடைத்து வைத்த ஆங்கிலேய நிர்வாகம், பசி, ஒரு உபதேசியாரின் சமயோசிதம் எல்லாம் சேர்ந்துதான் ஊர் மாறுகிறது. எந்த ஒன்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

நான்காவது, கேமரூனின் மோங்கோ பெட்டி எழுதிய ‘பொம்பாவின் ஏழைக் கிறிஸ்து’. 1956இல் பிரெஞ்சில் வந்தது, ஆங்கிலத்தில் கிடைக்கும். உங்கள் கத்தோலிக்க நண்பர்களை இது புண்படுத்தக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கதை சொல்வது பாதிரியாரைத் தெய்வமாக நினைக்கும் சிறுவன் டெனிஸ். அவன் பார்வையை எழுத்தாளரின் பார்வையாக எடுத்துக்கொண்டால் நாவல் தலைகீழாகிவிடும். திருமணத்துக்குத் தயாராகும் பெண்களை மிஷன் வளாகத்திலேயே தங்கவைத்து வேலை வாங்கும் ‘சிக்ஸா’ என்ற ஏற்பாடும், அங்கே நடந்த பாலியல் சுரண்டலும் இதில் வெளிவருகின்றன. ஆனால் ட்ரூமோன் பாதிரியாரை மோங்கோ பெட்டி கேலிப்பொருளாக விட்டுவிடவில்லை. சாலை போடக் கட்டாய வேலைக்கு ஆள் பிடிக்கும்போதுதான் சனங்கள் மிஷனைத் தேடி வருகிறார்கள் என்பதை உணர்ந்து, இத்தனை வருட ஊழியம் எதன்மேல் நின்றது என்று அவரே கலங்குகிறார்.

ஐந்தாவது அடிச்சியின் ‘பர்ப்பிள் ஹைபிஸ்கஸ்’ (2003). மிஷனரிகள் போய் நாளாகிவிட்ட நைஜீரியா. ராணுவ ஆட்சியை எதிர்க்கும் பத்திரிகை நடத்தும் கொடையாளி யூஜின், மதவெறியால் சொந்தப் பிள்ளைகளைக் கொதிநீரால் தண்டிக்கிறார், பழைய மதத்தை விடாத தன் தந்தையை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. அந்தத் தாத்தா ஒரு விடியலில் தரையில் சுண்ணத்தால் கோடு கிழித்துப் பிரார்த்திப்பதைப் பேத்தி கம்பிலி மறைந்து நின்று பார்க்கிறாள். தன்னை விலக்கிய மகனுக்காகவும் வேண்டிக்கொள்கிறார் கிழவர். முடித்துவிட்டுச் சிரிக்கிறார். ஜெபமாலை சொல்லி முடித்துத் தங்கள் வீட்டில் யாரும் சிரித்ததில்லை என்று அவளுக்குத் தோன்றுகிறது. இதே நாவலில்தான் அமாடி என்ற இளம் குருவும் வருகிறார், இக்போப் பாட்டைப் பிரசங்கத்தின் நடுவே பாடுகிறவர். அவரை ஜெர்மனிக்கு மிஷனரியாக அனுப்புகிறார்கள்.

பெண்களைப் பற்றிப் பேச விரும்பினால் கூகியின் ‘தி ரிவர் பிட்வீன்’ (1965) சேர்த்துக்கொள்ளலாம். 1929இல் பெண் உறுப்புச் சிதைப்பைத் தடுக்க மிஷன்கள் எடுத்த நடவடிக்கை கிகூயூ மக்களைச் சபைகளிலிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகள் தொடங்க வைத்தது. அந்தக் கொந்தளிப்பு இந்த நாவலுக்குப் பின்னால் இருக்கிறது. பிரசங்கியாரின் மகள் முத்தோனி கிறிஸ்தவமும் அந்தச் சடங்கும் இரண்டும் வேண்டும் என்று போய் உயிரை விடுகிறாள். நடத்துபவர் கவனமாக இருக்க வேண்டும்: பண்பாடு என்ற பெயரில் அந்தச் சடங்கின் வலி பின்னுக்குப் போய்விடக் கூடாது.

வரலாறாக நம்பலாமா என்று கேட்டீர்கள். மனதின் வரலாறாக நம்பலாம். யார், எப்போது, எத்தனை பேர் என்பதற்கு நாவல் சாட்சியாகாது. ஒரே ஓர் உதாரணம்: அச்செபேயின் முதல் நாவலான ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ மட்டும் வாசித்தவருக்கு இக்போ நாட்டுக்கு மதத்தைக் கொண்டுவந்தவர் வெள்ளைக்காரர் என்றே தோன்றும். ஆனால் 1857இல் ஒனிட்சாவில் சி.எம்.எஸ். மிஷனைத் தொடங்கிய குழுவின் தலைவர் சாமுவேல் அஜாயி கிரௌதர், சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டுப் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்ட யொரூபாக்காரர். 1864இல் பிஷப் ஆனார். அங்கே தங்கி ஊழியம் செய்த ஜே. சி. டெய்லர், சியரா லியோனில் பிறந்த இக்போ வம்சாவளியினர். எத்தியோப்பியாவிலோ கிறிஸ்தவம் நான்காம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. காங்கோவில் 1921இல் சில மாதங்களே பிரசங்கித்த சைமன் கிம்பாங்கு, 30 வருடம் பெல்ஜியக் காலனி அரசின் சிறையில் இருந்து 1951இல் அங்கேயே இறந்தார். அவர் பெயரால் எழுந்த சபை இன்று பெரியது. நீங்கள் எடுக்கும் நாவல்களில் இவையெல்லாம் பெரிதாக வராது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் பத்து நிமிடம் அந்த ஊர் வரலாற்றைச் சொல்லிவிட்டால் போதும்.

பேசும் முறைக்கு ஒரே ஒரு யோசனை. ஒவ்வொருவரும் கோயிலுக்குப் போன ஒரு பாத்திரத்தையும் போகாத ஒரு பாத்திரத்தையும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வரட்டும். முதல் அரை மணி நேரம் அந்த ஆளுக்காக மட்டும் பேசட்டும், சொந்தக் கருத்து அதற்குப் பிறகு.

பார்பரா கிங்சால்வரின் ‘தி பாய்சன்வுட் பைபிள்’ (1998) பற்றியும் யாராவது கேட்பார்கள். நன்றாக எழுதப்பட்ட நாவல். ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்தே தீருவேன் என்று நிற்கும் அமெரிக்கப் பிரசங்கியார் நேதன் பிரைஸுக்கு, அந்த ஆற்றில் முதலை ஒரு சிறுமியைக் கொன்றதும், அதனால் தாய்மார் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள் என்பதும் நீண்ட நாள் தெரியாமலே இருக்கிறது. ஆனால் அது காங்கோவுக்குப் போன ஓர் அமெரிக்கக் குடும்பத்தின் கதை; தாயும் நான்கு மகள்களுமான ஐந்து பெண்களின் குரலில்தான் எல்லாம் வருகிறது. மேலே சொன்னவற்றை முடித்தபின் எடுங்கள்.