ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை செக்-இன் பெட்டியில் போடலாமா?

மூன்று விமானம் மாறும் பயணத்தில் பத்து ரோல் ஐஎஸ்ஓ 400 கேமரா ஃபிலிமை (400 என்பது ஃபிலிம் ஒளியை உணரும் வேகம்) செக்-இன் பெட்டியில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம், அங்கே அடிக்கும் எக்ஸ்ரே ரொம்ப வலுவானது, ஃபிலிம் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். கையோடு கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரே இயந்திரத்தில் ஓரிரு முறை போனால் 400க்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கும் சிடி ஸ்கேனர்தான் (பல கோணங்களில் எக்ஸ்ரே அடிக்கும் வலுவான இயந்திரம்), அதில் ஒரு தடவைகூட விடாதீர்கள் என்று ஃபிலிம் நிறுவனமான கோடாக்கே சொல்கிறது. அட்டைப்பெட்டியை எல்லாம் கழற்றிவிட்டு, ரோல்களை உள்ளே இருப்பது தெரிகிற ஜிப் பையில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். எக்ஸ்ரேயைத் தடுக்கும் என்று விற்கிற ஈயப் பையா? காசுக்குக் கேடு, எப்படியும் திறக்கச் சொல்வார்கள். அப்புறம், கேமராவுக்குள் பாதி எடுத்த ரோல் இருந்தால் மறந்துவிடாதீர்கள், கேமராவையும் கையால்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் திரும்பும் முன் எடுத்த ரோல்களை அங்கேயே கழுவிவிடுங்கள் (டெவலப் செய்துவிடுங்கள்), கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.