கியூஆர் கொடுப்பனவில் இருமுறை கழிந்த பணம்

வணக்கம். வெள்ளவத்தைப் பலசரக்குக் கடையொன்றில் லங்கா கியூஆர் (வங்கியின் கைப்பேசிச் செயலியால் கடையின் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தும் இலங்கை முறை) மூலம் 4,850 ரூபா செலுத்தியதாகவும், கடைக்காரருக்குக் குறுஞ்செய்தி வராததால் மீண்டும் செலுத்த நேர்ந்து, கணக்கில் இருமுறை கழிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். கடைக்காரருடன் வாதிடுவதில் பயனில்லை (குறுஞ்செய்தி தாமதித்தது அவர் குற்றமன்று). இரு கொடுப்பனவுகளின் பரிவர்த்தனை இலக்கங்களையும் கொடுத்து, முதற்பணம் வரவாகியுள்ளதா என்பதை அவரது வங்கிக் கணக்கிலேயே பார்க்கச் சொல்லுங்கள். வந்திருந்தால் அவரே திருப்பித் தரலாம். வராவிட்டால், செயலியை வழங்கிய உங்கள் வங்கியிடம் எழுத்துமூலம் முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருந்த எனக்கு மூன்று வாரம் வீணானது. அதன் பின்னரும் தீர்வு கிடைக்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம்.