ஆங்கிலக் கவிஞர்கள் ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் கவிதைகளில் ஓசை, வாதம் போன்ற உத்தி வெறும் அலங்காரம்தானா?

இல்லை. உத்தியைக் கழற்றினால் பொருளும் கூடவே போய்விடும். ஹெர்பர்ட் இறந்த 1633ஆம் ஆண்டிலேயே வெளியான ‘ஆலயம்’ தொகுப்பில் ‘மறுப்பு’ என்றொரு கவிதை உண்டு. கடவுள் தன் மன்றாட்டைக் கேட்கவில்லை என்ற புலம்பல். ஆறு பத்திகள், பத்திக்கு ஐந்து அடிகள். முதல் ஐந்து பத்திகளிலும் கடைசி அடி மட்டும் எதனோடும் இயையாமல், அதாவது ஈற்றோசை ஒன்றாமல், அந்தரத்தில் நிற்கிறது. பதில் வராத வேதனை மூளைக்கு எட்டும் முன்பே காதுக்கு எட்டிவிடுகிறது. ஆறாவது பத்தியில், என் இயைபைச் சீராக்கு என்று வேண்டும் அடியே முந்தைய அடியோடு இயைந்துவிடுகிறது. வேண்டுதலும் வரமும் ஒரே அடியில்!

டன் முரட்டு ஆள். சட்டம் படித்தவர் வேறு. தன் இதயத்தைத் தகர்க்கச் சொல்லும் பக்திச் சொனட்டில் (பதினான்கு அடிக் கவிதை), நீ சிறைப்பிடித்தால்தான் எனக்கு விடுதலை என்று கடவுளிடமே வழக்காடுகிறார். ஆங்கில மூலத்தில் மோனையோடு அடுக்கிய வினைச்சொற்கள் சம்மட்டியாக இறங்குகின்றன. காதலிலும் அதே வக்கீல் புத்திதான். ‘தெள்ளுப்பூச்சி’ கவிதையில், நம் இருவர் ரத்தமும் பூச்சிக்குள் கலந்தாயிற்று, நாம் இணைய இனி என்ன தயக்கம் என்று காதலியைக் கேட்கிறார். இரண்டு பத்திகளுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் அவள் பூச்சியை நசுக்கிவிடுகிறாள். அசராமல், அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொள்கிறார்.