மேலாளரிடம் கொடுத்த வாடகை உரிமையாளருக்குப் போய்ச் சேரவில்லை: மீண்டும் செலுத்த வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டில் வசிக்கும் ஒருவருக்குச் சொந்தமான அடுக்குமாடி வீட்டில், தமிழ்நாட்டின் நகரம் ஒன்றில், சென்ற ஆண்டு முதல் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டைக் காட்டியது, ஒப்பந்தம் போட்டது, முன்பணம் பெற்றது, மாதந்தோறும் வாடகை வாங்குவது எல்லாமே அவருடைய வீட்டைப் பராமரிக்கும் மேலாளர்தான். சென்ற வாரம் உரிமையாளர் எங்களை அழைத்து, நான்கு மாதங்களாகத் தமக்கு வாடகை வரவில்லை என்றும், அதைத் தம் கணக்கில் நேரடியாகச் செலுத்தாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றும் கூறினார். மேலாளரோ வாடகையைத் தம்மிடமே தர வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார். நாங்கள் யாருக்குச் செலுத்துவது? கொடுத்த வாடகையை மறுபடியும் தர வேண்டுமா?

பதில்: மேலாளருக்கு வாடகை பெறும் அதிகாரத்தை உரிமையாளர் வழங்கியிருந்தார் என்பதையும், நீங்கள் பணம் செலுத்தினீர்கள் என்பதையும் காட்ட முடிந்தால், அந்த நான்கு மாத வாடகையை நீங்கள் மீண்டும் தர வேண்டியதில்லை. உரிமையாளர் சார்பில் செயல்படும் மேலாளர் சட்டத்தின் பார்வையில் அவருடைய முகவர். முகவரின் அதிகார எல்லைக்குள் அவரிடம் செலுத்தப்பட்ட பணம், அவரை நியமித்தவரிடமே செலுத்தப்பட்டதாகும். அதை அவர் உரிமையாளருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டால் அது அவ்விருவருக்கும் இடையிலான வழக்கு. அந்த இழப்பை உங்கள் தலையில் சுமத்த முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் உங்களுக்கு இன்னொரு பாதுகாப்பையும் தருகிறது. முகவரின் அதிகாரத்தை உரிமையாளர் ரத்து செய்திருந்தாலும், அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியவரும் வரை, உங்களைப் பொறுத்தமட்டில் அந்த ரத்து நடைமுறைக்கு வராது என்று அதன் 208ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே, உரிமையாளர் உங்களை அழைத்த நாளுக்கு முன்பு செலுத்தியவற்றையும் அதற்குப் பின் செலுத்தப்போவதையும் நீங்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பதிலில் மிக முக்கியமானது இந்த வேறுபாடுதான்.

முந்தைய மாதங்களுக்கு, மேலாளருக்கு அதிகாரம் இருந்தது என்பதை எதைக் கொண்டு நிறுவுவது? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், சொத்து மேலாளர் என்ற நிலையை வெளிப்படையாகவே அங்கீகரிக்கிறது. மேலாளர் ஒருவரை நியமிக்கும் உரிமையாளர், அவருடைய பெயர், அவரைத் தாம் நியமித்ததற்கான சான்று, எந்தெந்தக் காரியங்களுக்காக, எவ்வளவு காலத்துக்கு அந்த அதிகாரம் வழங்கப்பட்டுள்ளது என்ற விவரங்களை வாடகைதாரருக்கு அளிக்க வேண்டும். மேலாளர் ஒரு நிறுவனமாக இருந்தால், அதன் சார்பில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்பதையும் தெரிவிக்க வேண்டும். இச்சட்டத்தின் கீழ் இயங்கும் வாடகை ஆணையத்திடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது நிரப்பப்படும் படிவத்திலும் மேலாளரின் பெயருக்கு இடம் உண்டு. அப்படிவத்தின் நகல், ஒப்பந்தத்தில் மேலாளர் யாருடைய சார்பில் கையெழுத்திட்டார் என்ற வரி, அவர் காட்டிய அதிகாரப் பத்திரம், உரிமையாளர் உங்களுக்கோ அவருக்கோ அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகிய அனைத்தையும் இப்போதே திரட்டி வையுங்கள். தொடக்க மாதங்களின் வாடகையை உரிமையாளர் அதே மேலாளர் மூலம் எதிர்ப்பின்றிப் பெற்றுக்கொண்டார் என்பதும் வலுவான சான்றாகும், ஏனெனில் தம் முகவருக்கு அதிகாரம் உண்டு என்று பிறர் நம்பும்படி நடந்துகொண்டவர், பிற்பாடு அதை மறுக்க ஒப்பந்தச் சட்டத்தின் 237ஆவது பிரிவு இடம் கொடுப்பதில்லை.

ஒருவேளை ஒப்பந்தத்தில் உரிமையாளரின் பெயரே இல்லாமல், மேலாளரே வீட்டுக்காரரைப் போலக் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை கடினமானது. உரிமையாளரிடமிருந்து தாமே வீட்டை வாடகைக்கு எடுத்து, அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடுகிறவர்களும், பெருந்தொகையை லீஸ் என்று பெற்றுக்கொண்டு உரிமையாளருக்கு மாத வாடகை மட்டும் அனுப்பி வந்து ஒரு நாள் அதையும் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டியவரிடம் இழப்பீடு கோர ஒப்பந்தச் சட்டத்தின் 235ஆவது பிரிவு வழி செய்கிறது. ஏமாற்றும் நோக்கம் தெளிவாக இருந்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் அளிக்கலாம். ஆனால் பணத்தை உரிமையாளரிடமிருந்து பெறும் வழி அப்போது மிகவும் குறுகிவிடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

செலுத்தியதற்கான சான்றைப் பொறுத்தவரை, வாடகை பெற்ற உடனே உரிமையாளரோ மேலாளரோ கையெழுத்திட்ட ரசீது தர வேண்டும் என்பது சட்டம் உங்களுக்கு அளிக்கும் உரிமை. வங்கி வழியாகச் செலுத்தியிருந்தால் கணக்கு அறிக்கையே போதும். ரசீது இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த மாதம் ஏதேனும் இருந்தால், அதைக் குறிப்பிட்டு மேலாளருக்கு இன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவருடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி வரும் மாதங்களுக்கு வருவோம். உரிமையாளர் உங்களிடம் நேரடியாகப் பேசிய பிறகு, மேலாளரின் அதிகாரம் தொடர்கிறது என்று நம்பினோம் என்ற வாதம் உங்களுக்கு எளிதில் கிட்டாது. அதற்காகத் தொலைபேசியில் பேசியவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்று பார்க்காமல் அவர் சொன்ன கணக்குக்குப் பணம் அனுப்புவதும் கூடாது. வில்லங்கச் சான்றிதழிலும் சொத்து வரி ரசீதிலும் உள்ள பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பு இருவருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதில், இதுவரை செலுத்திய தொகைகளைத் தேதி வாரியாகக் குறிப்பிட்டு, மேலாளரின் அதிகாரம் தொடர்கிறதா என்பதை உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும், முன்பணம் யாரிடம் உள்ளது என்பதை இருவரும் தெளிவுபடுத்த வேண்டும் என்றும் கேளுங்கள். உரிமையாளர் சார்பாக அதிகாரத்துடன் பெறப்பட்ட முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு உரிமையாளரையே சேரும். நீங்கள் வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதேனும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியை அவர் திருப்பித் தர வேண்டும்.

பதில் வரவில்லை அல்லது இருவரும் முரண்பட்ட பதில் தருகிறார்கள் என்றால், யாருக்குச் செலுத்துவது என்று தீர்மானிக்க இயலாத வாடகைதாரர் வாடகையை வாடகை ஆணையத்திடம் செலுத்தலாம் என்ற வழி 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. மிரட்டலுக்கு அஞ்சி இருவருக்கும் செலுத்திவிட்டுப் பிறகு வழக்கறிஞரைத் தேடி வரும் குடும்பங்களைப் பார்க்கும்போது, இந்த வழி இன்னும் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

தண்ணீரை நிறுத்துவேன் என்ற மிரட்டல் முற்றிலும் சட்டவிரோதமானது. வாடகைத் தகராறு எதுவாக இருந்தாலும், தண்ணீர், மின்சாரம், மின்தூக்கி, துப்புரவு போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் தாமாகவோ வேறொருவர் மூலமாகவோ தடுக்கக் கூடாது. அப்படி நடந்தால் வாடகை ஆணையத்தில் மனு அளித்து, விசாரணை முடியும் முன்பே இணைப்பை மீட்கும் இடைக்கால உத்தரவைக் கோரலாம். அதேபோல, காலி செய்யச் சொல்லி அறிவிப்பு அனுப்ப மேலாளருக்கு அதிகாரம் இருக்கலாம். ஆனால் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு இல்லாமல் உங்களை வெளியேற்ற அவராலும் முடியாது, உரிமையாளராலும் முடியாது.

உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வருமான வரிப் பிடித்தம் பற்றியும் ஒரு தணிக்கையாளரிடம் கேளுங்கள். வெளிநாடு வாழ் உரிமையாளருக்குச் செலுத்தும் வாடகையில் வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் கடமை வாடகைதாரருடையது; இடையில் மேலாளர் இருப்பதால் அது நீங்கிவிடாது.

இவற்றுள் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கடிதம். அடுத்த வாடகைக்குரிய நாள் வருவதற்கு முன் அதை அனுப்பிவிட்டு, பதில் தெளிவாக இல்லையென்றால் தொகையைத் தாமதமின்றி ஆணையத்திடம் செலுத்துங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, கோரிக்கை அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் அது செலுத்தப்படாவிட்டால், அதையே காரணமாகக் காட்டி உங்களை வெளியேற்றும் மனுவை உரிமையாளர் தாக்கல் செய்ய முடியும்.