ஸ்கீமா, டைப், அப்புறம் அந்த 044: கேள்வி பதில்

ஜேசன், யாமல் (இரண்டுமே தரவை டெக்ஸ்டாக எழுதும் முறைகள்) தரவுகளை ஸ்கீமா (எந்த ஃபீல்டில் எந்த டைப் மதிப்பு வரலாம் என்ற விதிப்பட்டியல்) வைத்துக் கட்டி மேய்ப்பது பற்றிச் சென்னை நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

ஜேசனை 'செமி ஸ்ட்ரக்சர்ட்' (பாதி வடிவம் கொண்டது) என்கிறார்கள். அப்படியென்றால் ஸ்கீமாவே வேண்டாம் என்றுதானே அர்த்தம்? (மாணவி, தாம்பரம்)

இல்லைம்மா. டேபிளில் ஃபீல்டு பெயர்கள் தலைப்பில் ஒருமுறைதான் இருக்கும். ஜேசனில் ஒவ்வொரு ரெக்கார்டும் தன் பெயர்களைத் தானே சுமந்து வருகிறது. அதனால் ஒன்றில் இருப்பது அடுத்ததில் இல்லாமல் போகலாம், அவ்வளவுதான். ஆனால் வடிவம் எங்காவது இருந்தே தீரும். ஸ்கீமாவில் எழுதாவிட்டால், புரோகிராம் முழுக்க 'இது இருந்தால், அது இல்லாவிட்டால்' என்று இஃப்களாகச் சிதறிக் கிடக்கும்.

கிளைகளின் விவரம் யாமல் ஃபைலில் இருக்கிறது. எஸ்டிடி கோடு 044 என்று போட்டால் பைதானில் 36 என்று வருகிறது. பேய் பிடித்துவிட்டதா சார்? (அம்பத்தூர்)

இந்தப் பேய்க்குப் பெயர் ஆக்டல். யாமல் 1.1 விதிப்படி பூஜ்யத்தில் தொடங்கும் எண், எட்டை அடிமானமாகக் கொண்டது. நான்கு எட்டு 32, கூட 4, ஆக 36. நீங்கள் பயன்படுத்துவது பையாமலாக (யாமலை வாசிக்கும் பைதான் லைப்ரரி) இருக்கும், அது 1.1 வழக்கைத்தான் பின்பற்றுகிறது. 2009ல் வந்த 1.2 விதிப்படி வாசித்தால் 44 கிடைக்கும். அதிலும் பூஜ்யம் போச்சு. ஜேசனில் 044ஐ மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் ஒழுங்கான பார்சர் (அதை வாசிக்கும் புரோகிராம்) ஏற்கவே ஏற்காது. தப்பாகப் புரிந்துகொள்வதற்கு அது எவ்வளவோ தேவலை.

மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஸ்கீமாவில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று அறிவித்து, இலக்கங்கள் மட்டும் வரும்படி ஒரு பேட்டர்னும் கொடுங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கப் போவதில்லை என்றால் அது எண்ணே அல்ல. போன் நம்பர், பின்கோடு, பஸ் ரூட் எல்லாம் அந்த வகை. ரூட்டை இன்டிஜர் (முழு எண்) என்று வைத்தவருக்கு 29சி வந்து நிற்கும்போது புரியும்.

எங்கள் ஃபார்மில் லாஸ்ட் நேம் கட்டாயம். பாதிப் பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறார்கள். எப்படித் தடுப்பது? (பெருங்குடி)

தடுக்காதீர்கள். அந்தப் புள்ளியை நானே எத்தனையோ ஃபார்மில் வைத்திருக்கிறேன்! நம் ஊரில் பலருக்கு இனிஷியல்தான். குடும்பப் பெயர் கிடையாது. இல்லாததைக் கட்டாயம் என்றால் பொய்தான் வரும்: புள்ளி, 'நில்' (இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில்), இல்லையென்றால் அதே பெயர் இரண்டாம் தடவை. முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இந்தக் குப்பையைக் கழுவவே தனியாக ஸ்கிரிப்ட் எழுதினோம். முழுப்பெயருக்கு ஒரே ஃபீல்டு, அது மட்டும் கட்டாயம். இனிஷியல் இருந்தால் இருக்கட்டும்.

பெயர் என்றதும் இன்னொன்று. 'சென்னை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜேசன் ஸ்கீமாவின் 'மேக்ஸ்லெங்த்' (அதிகபட்ச நீளம்) யூனிகோடு குறிகளை எண்ணும், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். அதற்கு இது 6. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8ல் சேமித்தால் 18 பைட். ஆங்கிலப் பெயரை வைத்து 20 என்று வரம்பு போட்டவர், தமிழில் பெயர் எழுதுகிறவரைப் பாதியில் நிறுத்திவிடுவார்.

டைப்ஸ்கிரிப்டில் (டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) இன்டர்ஃபேஸ், அதாவது தரவின் வடிவம், எழுதிவிட்டோம். தனியாக ஸ்கீமா எதற்கு? (வேளச்சேரி)

கம்பைல் ஆனதும் (ஜாவாஸ்கிரிப்டாக மாறியதும்) அந்த டைப்பெல்லாம் மறைந்துவிடும். ஓடும்போது வெளியிலிருந்து வரும் ஜேசனை அது சோதிக்காது. ஜேசனை வாசிக்கும் ஜேசன்.பார்ஸ் கொடுப்பது 'எனி', எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப். அதன் பக்கத்தில் 'ஆஸ் ஆர்டர்' (இதை ஆர்டர் டைப்பாக எடுத்துக்கொள்) என்று எழுதுவது கம்பைலரிடம் சத்தியம் செய்வதுதான், பையைத் திறந்து பார்ப்பதல்ல. தரவு நுழையும் இடத்திலேயே ஸோட் மாதிரி ஒரு லைப்ரரியை வைத்து ஒருமுறை சரிபாருங்கள், டைப்பையும் அதிலிருந்தே வரவழையுங்கள். இரண்டையும் தனித்தனியாகக் கையால் எழுதினால் கொஞ்ச நாளில் இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம்.

ஃபீல்டு இல்லாததும் நல் (null, மதிப்பு ஏதுமில்லை என்ற குறி) இருப்பதும் ஒன்றா? (கிண்டி)

இல்லை. ஸ்கீமாவில் 'ரிக்வயர்ட்' (கட்டாயம்) என்பது ஃபீல்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். உள்ளே நல் இருந்தாலும் பாஸ். நல் வேண்டாம் என்றால் டைப்பில் தடுக்க வேண்டும்.

தெரியாத ஃபீல்டு வந்தால் நிராகரிக்கலாமா? (போரூர்)

உங்கள் சொந்த கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைல் என்றால் தயங்காமல் நிராகரியுங்கள். விருப்ப ஃபீல்டான 'டிஸ்கவுன்ட்'டை யாராவது எழுத்துப்பிழையோடு அடித்தால், கண்டிப்பில்லாத ஸ்கீமா அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். தள்ளுபடி இல்லாமலேயே பில் போகும். அடுத்த கம்பெனியின் ஏபிஐயிலிருந்து (புரோகிராம்கள் தரவு வாங்கும் வழி) வருவதில் அப்படிக் கண்டிப்பு காட்டினால், அவர்கள் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்கிற அன்றைக்கு உங்கள் சர்வீஸ் படுத்துவிடும்.

எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஜேசன்பியில் (ஜேசனைச் சேமிக்கும் டைப்) கொட்டிவிடலாமா? (சோழிங்கநல்லூர்)

தினமும் தேடுவது, ஜாயின் போடுவது (டேபிள்களை இணைப்பது) எல்லாம் டேபிளின் தனி நெடுவரிசையில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் மாறும் மிச்சத்தை ஜேசன்பியில் போடலாம். ஒன்று மட்டும் கவனம்: ஜேசன்பி கீகளின் (ஃபீல்டு பெயர்களின்) வரிசையைக் காப்பாற்றாது, ஒரே கீ இரண்டு முறை வந்தால் கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும். வந்ததை வந்தபடியே ஆடிட்டுக்குக் காட்ட வேண்டுமானால் வெறும் ஜேசன் டைப்பிலோ டெக்ஸ்டிலோ ஒரு பிரதி வையுங்கள்.