பழைய போர்ப் பதக்கம் ஒன்று கிடைத்தால், அதைப் பெற்ற சிப்பாய் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

கேட்டவர், பரணில் இருந்த தகரப் பெட்டியில் ராஜா தலை போட்ட வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்ததாக எழுதியிருக்கிறார். மறுபக்கம் குதிரைமேல் ஒரு மனிதன், 1914, 1918 என்ற வருடங்கள். யாருடையது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா, இல்லை வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

கொடுத்துவிடாதீர்கள். பதக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் அதன் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். சின்ன ஆங்கில எழுத்துகள் தெரியும். ஒரு எண், பதவி, பெயர், படைப்பிரிவு. நீங்கள் சொல்வது முதல் உலகப் போருக்காகக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல். இந்தப் பதக்கம் கடைநிலைச் சிப்பாய்க்கும் பெயர் குத்தித்தான் கொடுக்கப்பட்டது. 36 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய 31 கிராம் வெள்ளி. அந்த வெள்ளிதான் இதற்கு எமனாகவும் ஆனது. வெள்ளி விலை ஏறிய காலங்களில் எத்தனையோ பதக்கங்கள் உருக்கப்பட்டுவிட்டன. நம் பக்கத்தில் என்றால் சேலத்துக் கொலுசுப் பட்டறைக்குப் போயிருக்கும்.

என்னிடம் வந்த முதல் பதக்கமும் அப்படிப் போக இருந்ததுதான். எனக்கு ஊர் கிருஷ்ணகிரி. 2016-இல் பழையபேட்டையில் ஒரு வெள்ளிக் கடையில் மகளின் கொலுசை மாற்றப் போயிருந்தேன். உருக்க அனுப்புவதற்காக ஒரு தட்டில் அறுந்த கொலுசு, அரைஞாண், மெட்டி எல்லாம் குவித்து வைத்திருந்தார்கள். அதற்கு நடுவே இந்தக் குதிரைக்காரன் கிடந்தான். எடை போட்டு வெள்ளி விலைக்கே கொடுத்தார்கள். அன்றைக்கு நான் ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன்: இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டேன். ஊத்தங்கரைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் நடுவில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார்கள். அதை அங்கேயே பில்லின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விளிம்பில் எல்லாம் இருக்கும், ஊர் மட்டும் இருக்காது. வாங்கும் நேரத்தில் கேட்காமல் விட்டால் அந்த ஊர்ப்பெயர் பெரும்பாலும் போனது போனதுதான்.

விளிம்பில் இருந்தது ஒரு சிப்பாயின் எண்ணும் பெயரும், பிறகு 61 பயனியர்ஸ். பெயரை இங்கே எழுதவில்லை, குடும்பத்தார் வேண்டாம் என்றார்கள். ‘சாமி’ என்று முடியும் பெயர், அந்தக் காலத்துக் குமாஸ்தா தன் காதுக்குக் கேட்டபடி எழுதியிருந்தார். பழைய ஆவணங்களில் தேடும்போது இதை நினைவில் வையுங்கள். முனுசாமி ஒரு இடத்தில் மூன்சாமி ஆகியிருப்பார், இன்னொரு இடத்தில் வேறு ஏதோ ஆகியிருப்பார். பெயர் ஏமாற்றும், எண் அவ்வளவாக ஏமாற்றாது.

61ஆவது பயனியர்ஸ் என்பது பழைய மதராஸ் ராணுவத்தின் வழிவந்த படை. பயனியர் என்றால் ஒரு தோளில் துப்பாக்கி, இன்னொரு கையில் கடப்பாரை என்று வைத்துக்கொள்ளலாம். சண்டையும் போடுவார்கள், சாலையும் போடுவார்கள். 1933-இல் பயனியர் படைகளையே கலைத்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு இந்தப் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. முதல் உலகப் போர் தொடங்கிய வருடமே இவர்கள் பம்பாயில் கப்பல் ஏறி ஆப்பிரிக்கா போனார்கள். 1914 நவம்பர் 2 முதல் 5 வரை, இன்றைய டான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகத்தில் சண்டை. இந்தியாவிலிருந்து போன படை சுமார் 8,000 பேர், எதிரில் ஜெர்மன் தளபதி லெட்டோ-வோர்பெக்கிடம் இருந்தவர்கள் சுமார் 1,000 பேர். அப்படியும் தோற்றுத் திரும்பினார்கள். துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த காட்டுத் தேனீக் கூட்டங்கள் இரண்டு பக்கத்தாரையும் துரத்தித் துரத்திக் கொட்டின. ஆங்கிலத்தில் இதைத் தேனீக்களின் சண்டை என்றே சொல்வதுண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். டீக்கடையில் விளிம்பில் இருந்த பெயரைச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை. பழைய பட்டாளத்துக்காரர் என்று சொன்னதும் உடனே, “பட்டாளத்தார் வீடா? வேடியப்பன் கல்லுக்குப் பக்கத்துக் கொல்லை” என்றார்கள். எங்கள் பக்கத்தில் சாமியாகக் கும்பிடும் நடுகல்லை வேடியப்பன் கல் என்பார்கள். ஊருக்கு அவர் வெறும் பட்டாளத்தார். சொந்தப் பெயர் அந்த ஊரில் புழங்கவே இல்லை.

வீட்டில் எண்பது வயது ஆயா ஒருவர் இருந்தார், பட்டாளத்தாரின் மருமகள். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லவே கொஞ்ச நேரம் ஆனது. நிலத்துக்காக வந்த ஆள் என்று முதலில் பயந்துவிட்டார். அப்புறம் திண்ணையில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, தானாகவே பேச ஆரம்பித்தார்.

“எங்க மாமனாரு கடல் தாண்டி சண்டைக்குப் போனவருதான். ஆனா அங்க தேனீ வந்துதான் எங்கள ஓட ஓட வெரட்டுச்சுன்னு சொல்வாரு. யாரு நம்புவா? சாராயத்தப் போட்டுட்டு ஒளறாருன்னு பசங்க சிரிப்பாங்க. எங்க வீட்டுக்காரரே சிரிப்பாரு.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. டாங்கா என்ற ஊரைப் பற்றி நான் அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னேன். கப்பல், துறைமுகம், தேனீ எல்லாவற்றையும் சொன்னேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அவரு பொய் சொல்லல” என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போய் ஒரு வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் வெண்கலத்தில் இன்னொரு பதக்கம். சிறகு விரித்து நிற்கும் பெண் உருவம். அது விக்டரி மெடல். வீட்டில் அதை அம்மன் என்று நினைத்து வருடக்கணக்காகக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். மெதுவாகத் துடைத்து விளிம்பைப் பார்த்தோம். அதே எண். வெள்ளிக்குக் காசு வரும் என்பதால் அது கடைக்குப் போனது, வெண்கலத்துக்கு வராது என்பதால் இது வீட்டிலேயே தங்கிவிட்டது.

நான் கொண்டுபோனதை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன். என்னிடம் இருப்பது படங்களும் என் நோட்டும்தான்.

சரி, உங்கள் பதக்கத்துக்கு வருவோம். அதைத் துலக்காதீர்கள். விபூதி, புளி, பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளி என்றால் விபூதி போட்டுத் தேய்க்கிற பழக்கம் உண்டு, அந்தத் தேய்ப்பில் முதலில் அழிவது விளிம்பின் எழுத்துதான். நாடா இருந்தால், கந்தலாக இருந்தாலும் பிரிக்காதீர்கள். இந்தப் பதக்கத்துக்கு நடுவில் ஆரஞ்சு, அதன் இரு பக்கமும் வெள்ளை, கறுப்பு, ஓரத்தில் நீலம். விளிம்பை நான்கைந்து கோணத்தில் படமெடுங்கள். எழுத்து அச்சால் குத்தியதாக இருக்க வேண்டும். கையால் கீறியதுபோல் இருந்தாலும், அகலம் 36 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலும், பழைய பெயரை அரத்தால் ராவிவிட்டார்கள் என்று சந்தேகப்படலாம். இதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுமை தூக்கவும் மண் வெட்டவும் போன கூலித் தொழிலாளர் படைகளுக்கு வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் வெள்ளியைவிட அதைத்தான் பத்திரமாக வைக்க வேண்டும் என்பேன், அந்த மனிதர்களைப் பற்றி வேறு எழுத்து கிடைப்பது அரிது.

அவர் போரில் இறந்தவராக இருந்தால் தேடுவது சுலபம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இறந்தவர்கள் பட்டியல் இலவசமாகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்குப் பல இடங்களில் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும்கூட இருக்கும். அங்கே தர்மபுரி மாவட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். 1965 அக்டோபர் வரை இரண்டுமே சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி தனியானது 2004-இல்தான். சேலம் என்று போட்டு, தாலுகா பெயரை நான்கு விதமான எழுத்தில் போட்டுத் தேடுங்கள். முதல் உலகப் போரில் இராக்கில் இறந்தவராக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் 40,000-க்கும் அதிகமானோர் நினைவுகூரப்படுகிறார்கள், ஆனால் இந்தியக் கடைநிலைச் சிப்பாய்களின் பெயர்களை அந்தச் சுவரில் பொறிக்கவில்லை. இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான். பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இதைப் படித்த நாளில் எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. இந்த ஊர்க்காரனுக்கு அப்படித்தான் இருக்கும். மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்குக்கூட ஆயிரம் வருடத்துக்கு முன்பே பெயர் வெட்டிக் கல் நட்ட மண் இது. தர்மபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்தக் கற்களைப் பார்க்கலாம்.

உயிரோடு திரும்பியவர் என்றால் வீட்டுப் பெட்டிதான் ஆவணக் காப்பகம். டிஸ்சார்ஜ் சான்று, பென்ஷன் புத்தகம், பழைய மணியார்டர் துண்டு எதையும் எரிக்காதீர்கள். ஊர் மாறிப் போன குடும்பம் என்றால், அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டாளத்தாருக்கு ஒதுக்கிய நிலம் எதுவும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சில ஊர்களில் அந்தக் கொல்லைக்குப் பெயரே அவர் பெயராக இருக்கும்.

சேகரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். கஷ்டத்தில் இருக்கும் வீட்டிலிருந்து நேரடியாக நான் பதக்கம் வாங்குவதில்லை. உருக்கப் போவதை மட்டும் வாங்குவேன். ஒரே மனிதரின் இரண்டு மூன்று பதக்கங்கள் சேர்ந்து இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது பெரிய தவறு, சேர்த்து வாங்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 100 வருடம் தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பச் சட்டம் இடம் தராது.

1965, 1971 போர்களில் இருந்தவர்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அவர்களின் பதக்கத்தைப் பற்றிக் கேட்க எந்த ஆவணமும் தேவையில்லை, போய் உட்கார்ந்தால் போதும்.

கடைசியாக எனக்கு ஒரு உதவி. 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவர்களுக்கு 1914-15 ஸ்டார் என்ற மூன்றாவது பதக்கமும் உண்டு. நான்கு முனை நட்சத்திரம், குறுக்கே இரண்டு வாள். இதில் பெயர் விளிம்பில் இருக்காது, பின்பக்கத்தில் இருக்கும். பட்டாளத்தாருக்கும் அது வந்திருக்க வேண்டும். எப்போதோ கைமாறிப் போய்விட்டது, ஆயாவுக்கும் நினைவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் யாரிடமாவது பின்பக்கத்தில் 61 பயனியர்ஸ் என்று பொறித்த ஸ்டார் இருந்தால் ஒரு படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே போடுங்கள். எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.