டிஸ்க்கில் எத்தனை ஃபைல்? கேள்வி பதில்

(கட்டளைகளை உச்சரிப்புப்படி தந்திருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

அம்பத்தூர் வாசகர்: சார், ஆபீஸ் பிசியில் சி டிரைவ் முழுக்க எண்ண, பவர்ஷெல்லில் கெட்-சைல்டுஐட்டம் -ரிகர்ஸ் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்தும் முடியவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: அது ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர், அளவு, தேதி எல்லாம் சேர்த்து ஒரு ஆப்ஜெக்ட் (தகவல் பொட்டலம்) செய்து பைப்பில், அதாவது அடுத்த கட்டளைக்குப் போகும் குழாயில், தள்ளுகிறது. உங்களுக்கு வேண்டியது எண் மட்டும்தானே! சிஎம்டியை அட்மினாகத் திறந்து இப்படிப் போடுங்கள்:

டிர் சி:\ /எஸ் /பி /ஏ-டி | ஃபைண்ட் /சி /வி ""

மேற்கோள் குறிக்குள் எதுவும் இருக்கக் கூடாது. /ஏ-டி-யை விட்டுவிட்டால் மறைந்த ஃபைல்களும் சிஸ்டம் ஃபைல்களும் விடுபடும். கேட்காத ஃபோல்டர்கள் கணக்கில் ஏறும்.

தோராயம் போதும் என்றால் எண்ணவே வேண்டாம். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) தன் எல்லா ஃபைலையும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறது. "எஃப்எஸ்யுடில் எஃப்எஸ்இன்ஃபோ என்டிஎஃப்எஸ்இன்ஃபோ சி:" என்று கேட்டால் அதன் நீளம் உடனே வரும். அதை ஒரு பதிவின் அளவால் வகுக்க வேண்டும். அந்த அளவும் அதே பட்டியலில் இருக்கும், பெரும்பாலும் 1024 பைட். பேரேடு 512 எம்பி என்றால் 5,24,288 பதிவுகள். இது உச்ச வரம்புதான். ஃபோல்டர்களும் இதில் அடக்கம்; அழித்த ஃபைல்களின் காலி இடங்களும் அடக்கம், ஏனென்றால் இந்தப் பேரேடு வளரும், தானாகச் சுருங்காது. 'எவ்ரிதிங்' என்ற தேடல் மென்பொருளின் வேகத்துக்கும் இந்தப் பேரேட்டை நேராகப் படிப்பதே காரணம்.

அதே வாசகர்: இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லையே, சார்?

பதில்: போகாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ்-இல் ஹார்டு லிங்க் (ஒரே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) ஏராளம். பேரேட்டில் அது ஒரே ஃபைல், டிர் கட்டளைக்கோ இரண்டு மூன்று பாதை. பாதையை எண்ணுகிறீர்களா, ஃபைலை எண்ணுகிறீர்களா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: பைத்தான் ஸ்கிரிப்ட் ஃபைல் பெயர்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, பிறகு எண்ணுகிறது. தமிழ்ப் பெயர் வந்ததும் யூனிகோட் பிழை காட்டி நின்றுவிடுகிறது.

பதில்: விண்டோஸில் ஓப்பன் செய்யும்போது என்கோடிங் சொல்லாவிட்டால் பழைய கோட்பேஜில் (எழுத்துகளுக்கான எண் பட்டியல்) எழுதப் பார்க்கும், அதில் தமிழ் எழுத்து இல்லை. யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஆனால் எண்ணுவதற்குப் பெயரை எழுதுவானேன்? ஃபோல்டர் ஃபோல்டராகப் போகும் ஓஎஸ்.வாக் தரும் ஃபைல் பட்டியலின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் போதும்.

தரமணி வாசகர்: லினக்ஸ் சர்வரில் 40 ஜிபி காலி, ஆனால் இடமில்லை என்கிறது. ஃபைல் எண்ணிக்கைதான் காரணமா?

பதில்: பெரும்பாலும் ஆம், ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் வேண்டிய பதிவு இடம்) தீர்ந்திருக்கும். "டிஎஃப் -ஐ" போட்டால் நொடியில் தெரியும். இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் வழக்கமான அமைப்பில் 16 கேபிக்கு ஒரு ஐநோட். 100 ஜிபி பார்ட்டிஷனுக்குச் சுமார் 65 லட்சம். பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் பிறகு இதைக் கூட்ட முடியாது. எந்த ஃபோல்டர் தின்கிறது என்று பார்க்க: டியு --ஐநோட்ஸ் -எக்ஸ் / | சார்ட் -என். கடைசி வரிகளில் குற்றவாளி நிற்பான், அநேகமாக செஷன் ஃபைல்களோ மெயில் வரிசையோ. -எக்ஸ் முக்கியம், இல்லாவிட்டால் டிஸ்க்கில் இல்லாமல் கெர்னலே காட்டும் ப்ராக் ஃபோல்டருக்குள்ளும் போய் எண்ணும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தில் டிஎஃப் -ஐ வெறும் 0 காட்டும், அங்கே உதவாது.

துல்லியமாக எண்ண: ஃபைண்ட் / -எக்ஸ்டெவ் -டைப் எஃப் -பிரிண்ட்எஃப் '.' | டபிள்யூசி -சி. ஃபைலுக்கு ஒரு புள்ளி, புள்ளிகளின் எண்ணிக்கைதான் விடை. வரிகளை எண்ணினால், பெயருக்குள் வரிமுறிவு உள்ள ஃபைல் இரண்டாகிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் வாசகர்: யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) போட்டும் வேகம் குறைகிறதே, அண்ணா?

பதில்: தட்டைப் படிக்கப் போய்வரும் முள் ஒன்றுதான், தம்பி. 5400 ஆர்பிஎம் தட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் எடுக்கிறது. எட்டு பேர் எட்டுப் பக்கம் இழுத்தால் அலைவதிலேயே நேரம் போகும். அதற்கு ஒரு த்ரெட் போதும். எஸ்எஸ்டியில் போட்டுப் பாருங்கள், பலன் தெரியும்.

கிண்டி மாணவி: அதே ஸ்கிரிப்ட் இரண்டாம் முறை பறக்கிறது. ஏன்?

பதில்: முதல் ஓட்டத்தில் படித்தது ரேமில் கேஷாக இருக்கிறது. இரண்டு ஸ்கிரிப்ட்டை ஒப்பிடுவதானால் ஒவ்வொன்றுக்கும் முன் மெஷினை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.